தேவருலகம் செல்வார் யார்?

(திருவிழா அறநெறிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவர் மறைந்த செய்தியை அறிவிக்கும்போது "நற்கதி அடைந்தார்" என்று எழுதுவது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். துயரில் இருக்கும் குடும்பத்துக்கு அச்சொல் ஓர் ஆறுதல். ஆயினும் ஜினாகமம் அச்சொல்லை அவ்வளவு எளிதில் வழங்கிவிடுவதில்லை. யார், எப்போது, எதனால் தேவகதிக்கு உரியவர் ஆகிறார் என்பதை அது கணக்காகவே வகுத்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு சிலருக்கு அச்சம் தரும். சிலருக்கு எதிர்பாராத நம்பிக்கை தரும். இரண்டும் நன்மைக்கே.

முதலில் தேவர் என்போர் யார் என்பதைத் தெளிதல் வேண்டும். உமாசுவாமி ஆச்சாரியார் தத்துவார்த்த சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். பவனவாசிகள், வியந்தரர், ஜோதிஷ்கர், வைமானிகர் எனத் தேவர் நால்வகையினர். நற்காட்சியுடன் உடல் நீத்த மனிதன் முதல் மூவகையில் பிறப்பதில்லை. சொர்க்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது வைமானிகர் வாழும் மேலுலகமே. சௌதர்மம் முதல் அச்சுதம் ஈறாகக் கல்பங்கள் 16. அவற்றின்மேல் கிரைவேயகங்கள் 9. அவற்றின்மேல் அனுதிசைகள் 9. அதற்கும் மேல் அனுத்தர விமானங்கள் 5. ஐந்தனுள் நடுவில் உள்ளது சர்வார்த்தசித்தி. அதற்கு 12 யோசனை மேலே சித்தசிலை. தேவருலகத்தின் உச்சிக்கும் வீட்டுலகுக்கும் இடையே தொலைவு அவ்வளவே. எனினும் அந்த 12 யோசனையை எந்தத் தேவனும் மேல்நோக்கிக் கடந்ததில்லை. கடக்க வேண்டுமானால் அவன் கீழே இறங்கி, மனிதத் தாயின் வயிற்றில் பிறந்து, மண்ணில் நடந்து, துறவு பூண்டு, பிறகே ஏற வேண்டும்.

அங்குள்ள வாழ்நாளை அறிந்தவர் திகைப்பர். சௌதர்ம ஈசான கல்பங்களில் மிகு ஆயுள் இரண்டு சாகரோபமத்துக்குச் சற்று மேல், அச்சுதத்தில் 22, சர்வார்த்தசித்தியில் 33. ஒரு யோசனை அகலமும் ஆழமும் உள்ள குழியில் இளம் ஆட்டுக்குட்டியின் மயிர்த் துணுக்குகளை இறுக நிரப்பி, நூறு ஆண்டுக்கு ஒன்றாக எடுத்துத் தீர்க்கும் காலம் ஒரு வியவகார பல்யம். ஆயுளை அளக்கும் பல்யமோ அதனினும் எண்ணிறந்த மடங்கு பெரிது. அத்தகைய பல்யங்கள் பத்துக் கோடாகோடி சேர்ந்தது ஒரு சாகரம். 33 சாகரம் வாழும் அகமிந்திரனுக்கு 33,000 ஆண்டுக்கு ஒருமுறை உணவு நினைவு வரும். நினைத்த அளவில் கண்டத்தில் அமுதம் ஊறி நிறைவு உண்டாகும். 33 பட்சத்துக்கு ஒருமுறையே அவன் மூச்சு விடுவான்.

இதில் மற்றொரு செய்தி பலரால் கவனிக்கப்படாமற் போகிறது. மேலே செல்லச் செல்லத் தேவர்க்கு ஒளியும் இன்பமும் லேசியையின் தூய்மையும் கூடுகின்றன. ஆனால் ஊர்சுற்றும் விருப்பம், உடலின் உயரம், உடைமை, செருக்கு என்ற நான்கும் குறைகின்றன. காமத்தின் நிலையும் அவ்வாறே. முதலிரு கல்பத்தார்க்கு மனிதரைப்போல் உடலின்பம் உண்டு. அடுத்தவர்க்குத் தீண்டலே போதும். அதன்மேல் உள்ளவர்க்குக் காண்டல் போதும். பின் கேட்டல், பின் நினைத்தல். கிரைவேயகம் முதல் அதுவும் இல்லை. இன்பம் மிகுவது வேட்கை குறைவதால் என்பதைச் சொர்க்கத்தின் அமைப்பே காட்டுகிறது. பொன்மாளிகையும் அரம்பையரும் என்று சொர்க்கத்தை நினைப்பவர், அதன் கீழ்ப்படிகளை மட்டுமே நினைக்கிறார்.

இனி, வாயில்கள். அதே நூலின் ஆறாம் அத்தியாயம் தேவ ஆயுளுக்குரிய வினை ஊற்றுக்களைக் கூறுகிறது. பற்றின் சாயல் இன்னும் நீங்காத துறவியின் அடக்கம் ஒன்று. இல்லறத்தார் ஏற்கும் அணுவிரத ஒழுக்கம் ஒன்று. விருப்பமின்றி நேர்ந்த துன்பத்தைக் கலங்காமல் பொறுத்தலால் வரும் வினை உதிர்ப்பு ஒன்று. சிறையில் கிடப்பவன் பசியையும் தாகத்தையும் வேறு வழியின்றித் தாங்கினும், உள்ளம் கொதியாமல் தாங்கினால் அதற்கும் பயன் உண்டு. மெய்யறிவு இல்லாதார் செய்யும் தவம் மற்றொன்று. இவற்றோடு நற்காட்சியும் தேவ ஆயுளுக்குக் காரணம் எனத் தனியே கூறப்பட்டது.

இந்த வரிசையின் கடைசிப் பகுதியை உற்று நோக்குக. மெய்யறிவு இல்லாத தவத்துக்கும் சொர்க்கம் உண்டு. அதனினும் வியப்பு: ஒருபோதும் வீடு பெறாத அபவ்ய உயிர்கூட, திகம்பர முனிவரின் புற ஒழுக்கத்தைக் குறைவறக் காத்தால், ஒன்பதாம் கிரைவேயகம் வரை செல்லும். விரதம் காக்கும் சாவகனோ அச்சுதம் வரையே செல்வான். அவ்வாறாயின் சொர்க்கம் அடைந்ததைக் கொண்டு ஒருவர் மெய்ந்நெறி கண்டவர் என்று முடிவு செய்ய முடியுமா? முடியாது. சொர்க்கம் புண்ணியத்தின் விளைவு. அறிவின் சான்று அன்று. ஆகமம் இதனை ஒளிக்காமல் சொல்லியிருப்பது அதன் நேர்மைக்கு அடையாளம். பிற சமயத்தார் சொர்க்கம் புகார் என்று இகழ்வதற்கும் இங்கு இடமில்லை.

அடுத்து வருவது காலக் கணக்கு. அடுத்த பிறவியின் ஆயுள், இறந்த பின் யாரோ தீர்ப்பு வழங்கி அமைவது அன்று. அது இப்பிறவியிலேயே கட்டப்படுகிறது. வாழ்நாளில் இரண்டு பங்கு கழிந்து ஒரு பங்கு எஞ்சும்போது முதல் வாய்ப்பு. அப்போது கட்டப்படாவிடில், எஞ்சியதில் இரண்டு பங்கு கழியும்போது அடுத்தது. இவ்வாறு எட்டு வாய்ப்புகள். 81 வயது வாழ இருக்கும் ஒருவருக்கு முதல் வாய்ப்பு 54ஆம் வயது நிறைவில் வரும். பின் 72, 78, 80. அதன்பின் நான்கு மாதம் எஞ்சும்போது, 40 நாள் எஞ்சும்போது என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். எட்டும் தவறினால் இறுதி முகூர்த்தத்துக்குள் கட்டப்பட்டே தீரும்.

தம் ஆயுள் எவ்வளவு என்பது எவர்க்கும் தெரியாது. ஆகவே அந்த மூன்றில் ஒரு பங்கு எந்த நாளில் தொடங்கும் என்பதும் தெரியாது. 54 என்பது எப்படிப்பட்ட வயது? மகளுக்கு மாப்பிள்ளை தேடும் வயது. வயல் வரப்பில் பங்காளியோடு வழக்காடும் வயது. கடைக் கணக்கில் கண் மூழ்கியிருக்கும் வயது. "பணி ஓய்வு பெற்ற பின் விரதம் ஏற்கலாம், இப்போது என்ன அவசரம்?" என்பவர் மறுமைக்குரிய முதல் கட்டு விழும் வேளையை அறியாமல் கடந்துவிடக் கூடும். அந்த வேளையில் உள்ளம் எதில் தோய்ந்திருந்ததோ அதற்கேற்ற கதி அமைகிறது. மிகுந்த ஆரம்பமும் மிகுந்த உடைமைப் பற்றும் நரகத்துக்கு. வஞ்சம் விலங்குப் பிறவிக்கு. குறைந்த ஆரம்பமும் இயல்பான மென்மையும் மனிதப் பிறவிக்கு. முப்பது வயதில் மறைபவர்க்கு அந்த வேளை இருபதிலேயே வந்துவிடுகிறது என்பதை இளைஞர்களும் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஒருமுறை கட்டிய கதியை மாற்ற இயலாது. அதன் கால அளவு மட்டுமே குறையும் அல்லது கூடும். மகத மன்னன் சிரேணிகனைவிட இதற்குத் தெளிவான சான்று இல்லை. வர்த்தமான பகவானின் சமவசரணத்தில் முதன்மையாக இருந்து வினவியவன் அவன். கௌதம கணதரர் உரைத்த புராணங்கள் அவன் வினாக்களுக்கு விடையாகவே எழுந்தன. வரும் காலச் சுற்றில் முதல் தீர்த்தங்கரர் ஆகப் போகிறவனும் அவனே. எனினும் அவன் சென்றது முதல் நரகத்துக்கு. நற்காட்சி பெறுவதற்கு முன், தவத்தில் இருந்த யசோதர முனிவரின் கழுத்தில் செத்த பாம்பை இட்ட நாளில் நரக ஆயுள் கட்டப்பட்டுவிட்டது. பிறகு வந்த பக்தி ஏழாம் நரகத்தின் 33 சாகரத்தை முதல் நரகத்தின் 84,000 ஆண்டாகக் குறைத்தது. நரகத்தையே இல்லாமல் ஆக்கவில்லை. பகவானுக்கு அணுக்கன் என்பதற்காக வினை எவர்க்கும் விலக்கு அளிக்கவில்லை. அவ்வாறிருக்க, இறந்தவர்பொருட்டு எஞ்சியோர் செய்யும் சடங்கு அவர் கதியைத் திருத்தும் என்று நம்புவதற்கு இடம் ஏது? எஞ்சியோர் செய்யும் தானமும் பூசையும் செய்தவரையே சேரும். இதைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. செய்ய வேண்டிய உதவியை உயிர் இருக்கும்போதே செய்க என்பதே இதன் பொருள்.

அவ்வாறு உயிர் இருக்கும்போது செய்த உதவியைத் திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் காட்டுகிறார். வேள்விச் சோற்றைத் தீண்டியதற்காக அந்தணரால் அடியுண்டு உயிர் துடித்துக் கிடந்த நாயின் செவியில் சீவகன் ஐந்து பதங்களை ஓதினான். நாய் உடல் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. பின்னர் வந்து சீவகனைச் சாவினின்று காத்தது. நாய் விரதம் ஏற்கவில்லை, நூல் கற்கவில்லை. கட்டு இன்னும் விழாத அந்த இறுதி முகூர்த்தத்தில் அதன் உள்ளம் சினத்தை விட்டு ஒலியின்பால் திரும்பியது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் சுட்டும் தவளையின் கதையும் இத்தகையது. இராசகிருகத்தில் பகவானை வணங்க ஒரு மலரை வாயில் கவ்விச் சென்ற அத்தவளை, சிரேணிகனின் யானைக் காலில் மிதிபட்டு இறந்து தேவனாயிற்று. யானைமேல் சென்ற மன்னனுக்கு நரகம், காலடியில் நசுங்கிய தவளைக்குச் சொர்க்கம்: இக்கதையைச் சிறுவர்க்குச் சொல்லும்போது மலரை மட்டும் சொல்லி யானையை விட்டுவிடுவது வழக்கம். யானையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சொர்க்கம் சென்றபின் என்ன நேர்கிறது என்பதை முழுமையாகக் காட்டும் வரலாறு ஆதி பகவானுடையது. ஜினசேனாச்சாரியார் ஆதிபுராணத்தில் விரித்ததைத் தமிழ்ச் சமணர் ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடையில் தலைமுறை தலைமுறையாகப் படித்தும் கேட்டும் வந்துள்ளனர். வித்தியாதரர்களின் அளகை நகரில் மகாபலன் என்னும் மன்னன் இருந்தான். அவனுக்கு அமைச்சர் நால்வர். மூவர் உயிர் இல்லை, மறுமை இல்லை, எல்லாம் சூனியம் என்றெல்லாம் வாதிட்டனர். நான்காமவன் சுயம்புத்தன் மட்டும் ஜினநெறி கூறினான். மன்னனுக்கு எஞ்சியது ஒரு மாதமே என்பதைச் சாரண முனிவர்கள் வாயிலாக அறிந்து அவனை எச்சரித்தான். மகாபலன் அரசை மகனுக்கு அளித்து, எட்டு நாள் ஜினபூசை செய்து, 22 நாள் சல்லேகனை நோற்று உடல் நீத்தான். ஈசான கல்பத்தில் ஸ்ரீபிரப விமானத்தில் லலிதாங்க தேவனாகப் பிறந்தான். தாய் வயிறு இன்றி, மலரணையில் துயில் நீங்கி எழுபவன்போல் இளமையோடு தோன்றினான். சுயம்பிரபை என்னும் தேவியோடு நெடுங்காலம் இன்புற்றான்.

பிறகு ஒருநாள் அவன் மார்பில் கிடந்த மாலை வாடத் தொடங்கிற்று. தேவர்க்கு ஆயுள் முடிய ஆறு மாதம் இருக்கையில் தோன்றும் அடையாளம் அது. அணிகள் ஒளி மங்கின. கற்பகத் தருக்கள் நடுங்குவனபோல் தோன்றின. எத்தனையோ பல்யங்கள் துய்த்த இன்பம் முழுவதும் அந்த ஆறு மாதத்தில் துன்பமாகத் திரும்பி வந்ததுபோல் அவன் கலங்கினான். சாமானிக தேவர்கள் வந்து, இது எவர்க்கும் உள்ளது என்று தேற்றினர். தேறி, பதினைந்து நாள் ஜினபிம்பங்களை வழிபட்டு, அச்சுத கல்பத்தில் சைத்திய மரத்தடியில் அமர்ந்து, பஞ்ச நமஸ்காரத்தை உரக்க ஓதியபடியே மறைந்தான்.

அவன் ஏன் அவ்வளவு கலங்கினான்? பின்னொரு பிறவியில் பிரீதிங்கர முனிவர் அதற்கு விடை கூறுகிறார். அம்முனிவர் வேறு யாரும் அல்லர், பழைய அமைச்சன் சுயம்புத்தனே. மகாபலனாக நோற்றபோது போக விருப்பம் உள்ளே எஞ்சியிருந்தது. ஆதலால் தூய நற்காட்சி அப்போது வாய்க்கவில்லை என்கிறார். நோன்பு உண்மையானது, சொர்க்கமும் கிடைத்தது, ஆனால் வேட்கை உடன் சென்றது. சல்லேகனைக்குரிய ஐந்து குற்றங்களுள் நிதானத்தை, அதாவது "இத்தவத்தால் இன்ன இன்பம் கிடைக்க வேண்டும்" என்ற எண்ணத்தை, ஆச்சாரியர்கள் சேர்த்து வைத்ததன் காரணம் இதுவே. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்று முடித்த நிசீதிகையும், இளைய பட்டாரர் 30 நாள் நோற்ற நிசீதிகையும் கல்வெட்டாக இன்றும் உள்ளன. நாளும் பெயருமே அக்கல்லில் உண்டு. அவர்கள் எந்த உலகம் சென்றார்கள் என்று அக்கல் சொல்லவில்லை. எழுதியவர்க்கு அது தேவைப்படவும் இல்லை.

லலிதாங்கன் உத்பலகேட நகரில் வச்சிரசங்கனாகவும், சுயம்பிரபை புண்டரீகிணி நகரில் சீமதியாகவும் பிறந்து மணந்தனர். ஒருமுறை பயணத்தின் நடுவே காட்டில் ஒரு குளக்கரையில் பாளையம் இறங்கினர். காட்டிலேயே உணவு கிடைத்தால் ஏற்பது என்ற உறுதியோடு தமதரர், சாகரசேனர் என்னும் இரு சாரண முனிவர் அவ்வழி வந்தனர். வச்சிரசங்கனும் சீமதியும் எதிர்சென்று வணங்கி, விதிப்படி ஆகாரம் அளித்தனர். அம்முனிவர் தாம் பெற்ற பிள்ளைகளே என்பதைக் கஞ்சுகி சொன்ன பிறகே அறிந்தனர். அப்போது ஒரு புலி, ஒரு பன்றி, ஒரு குரங்கு, ஒரு கீரி ஆகிய நான்கும் அச்சமின்றி அருகே நின்று அந்தத் தானத்தைப் பார்த்து உள்ளம் மகிழ்ந்தன. அவை கொடுத்தவை ஒன்றுமில்லை. மகிழ்ந்ததே அவற்றின் புண்ணியம்.

பின்னர் ஓர் இரவு பள்ளியறையில் சாளரங்கள் அடைபட்டிருக்க, அகிற்புகை மூச்சை அடைத்துக் கணவனும் மனைவியும் உறக்கத்திலேயே உயிர் நீத்தனர். நோன்பும் இல்லை, இறுதி வழிபாடும் இல்லை. ஆயினும் குளக்கரையில் அளித்த உணவின் பயனால் உத்தரகுரு போகபூமியில் பிறந்தனர். அந்த நான்கு விலங்குகளும் அங்கேயே பிறந்தன. அவ்விடத்தில்தான் பிரீதிங்கரர் வந்து நற்காட்சி அளித்தார். பிறகு சீதர தேவன்; அப்பிறவியில் அவன் பழைய அமைச்சருள் ஒருவனான சதமதி நரகத்தில் கிடப்பதை அறிந்து, இரண்டாம் நரகம் சென்று அவனுக்கு அறம் உரைத்தான். சொர்க்கத்தில் இருந்துகொண்டு செய்யத்தக்கவற்றுள் இதனினும் சிறந்தது அரிது. பின் சுவிதி மன்னன், பின் அச்சுதேந்திரன். இம்முறையும் ஆயுள் முடியும் காலம் வந்தது. லலிதாங்கனாகக் கலங்கிய அதே உயிர் இப்போது கலங்கவில்லை. ஜினபூசையில் மனம் வைத்து அமைதியாக இறங்கியது. பின் வச்சிரநாபி சக்கரவர்த்தியாகித் துறந்து, பதினாறு பாவனைகளால் தீர்த்தங்கர நாமகருமம் எய்தி, சர்வார்த்தசித்தியில் 33 சாகரம் இருந்து, அயோத்தியில் நாபிராயர்க்கும் மருதேவிக்கும் ரிஷபராகப் பிறந்தது.

பகவான் துறவு பூண்டு ஆறு மாதம் அசையாது நின்றார். பிறகு ஆகாரத்துக்காக ஊர்கள்தோறும் நடந்தார். மக்கள் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து காலடியில் வைத்தனர். உணவு கொடுக்கும் முறை ஒருவர்க்கும் தெரியவில்லை. அந்தக் காலச் சுற்றில் அதுவரை எவரும் முனிவர்க்கு உணவு அளித்ததில்லை. மேலும் ஆறு மாதம் இவ்வாறு கழிந்தது. அத்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் தம்பி சிரேயாம்சன் பகவான் வருவதைக் கண்டான். கண்ட அளவில் அவனுக்குப் பழம்பிறவி நினைவு எழுந்தது. சீமதியின் உயிரே சிரேயாம்சன். பிறவிகள்தோறும் உடன் வந்து, சர்வார்த்தசித்தியிலும் இருந்து இறங்கிய உயிர் அது. சொர்க்கத்து விமானமும் கற்பகத் தருவும் அவனுக்கு அப்போது உதவவில்லை. காட்டுக் குளக்கரையில் இரு முனிவர்க்கு எப்படி எதிர்சென்றோம், எப்படி வணங்கினோம், எப்படிக் கையில் இட்டோம் என்ற நினைவே உதவியது. உடனே எதிர்சென்று வணங்கி, கருப்பஞ்சாற்றைப் பகவானின் கைகளில் வார்த்தான். அந்த நாளே அட்சய திருதியை.

செய்தி அறிந்து பரத சக்கரவர்த்தி அத்தினாபுரம் வந்தான். ஒருவரும் அறியாத முறையை நீ மட்டும் எவ்வாறு அறிந்தாய் என்று சிரேயாம்சனைக் கேட்டான். சிரேயாம்சன் அந்தக் குளக்கரையைச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த பரதன், அன்று வச்சிரசங்கனோடு அங்கிருந்த மதிவரன் என்னும் அமைச்சனின் உயிர். மகிழ்ந்து நின்ற புலியும் பன்றியும் குரங்கும் கீரியும் அப்போது பகவானின் மக்களாய்ப் பிறந்திருந்தன.